வெங்கலத் துரையும் கழுத்துப் பொத்தானும்

தாராவித் தோல் ஷாப்பில் மே மாதம் மனிதன் உடுத்துவதைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு கோவணம். கொஞ்சம் மரியாதைக்காரன் என்றால் தலையில் ஒரு துண்டு. சுண்ணாம்புத் தொட்டியில் இடுப்பளவு இறங்கி ஆட்டுத்தோலைப் புரட்டுகிறவன் சட்டை போட்டால் சட்டைக்குத்தான் கேடு. அப்படி அறுபது பேர் வெறும் மேனியாக நிற்கிற இடத்தில் ஒரே ஒருவன் மட்டும், சம்பந்தம் பேசக் கிளம்பியவன் மாதிரி வெள்ளை முழுக்கைச் சட்டையில், மணிக்கட்டுப் பொத்தானும் கழுத்துப் பொத்தானும் போட்டுக்கொண்டு திரிந்தான். அவன் கணேசபாண்டியன். ஏழு வருஷமாக அப்படித்தான்.

அவனுக்கு வைத்த பட்டப்பெயர்களை எழுதினால் ஒரு ரேஷன் கார்டு நிரம்பும். ஃபுல்கை பாண்டி. பொத்தான் ராசா. கவர்னர். பார்சல் கட்டுகிற முகைதீன் தினமும் ஒரு தடவையாவது கேட்பான்: "பாண்டியண்ணே, வீட்டுல கொடி கட்டலையா? எல்லாத்தையும் மேல மாட்டிக்கிட்டே அலையுதீரே."

"தூசி சேராதுலே," என்பான் கணேசபாண்டியன். நீண்ட நாளாகச் சொல்லிச் சொல்லி அவனுக்கே அது உண்மையான காரணம் போலத் தோன்றிவிட்டது.

அவன் ஷாப்பின் கிளார்க்கு. நாங்குநேரிப் பக்கத்துக்காரன், அப்போது இருபத்தொன்பது வயது. எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷுக்கு முப்பத்தாறு மார்க்கு. தாராவியில் அது எம்.ஏ.வுக்குச் சமானம். துறைமுகத்துக்குக் கடுதாசி எழுதுவது, வெள்ளைக்காரன் யாராவது வந்தால் முதலாளி ரஹ்மத்துல்லாவின் வாயாகவும் காதாகவும் நிற்பது, இரண்டும் அவன் வேலை.

சட்டைக்குள்ளே இருந்தது என்னவென்றால், வெள்ளை. கழுத்துக்குக் கீழே ஒரு ரூபாய் அகலம், தோளில் இரண்டு, முதுகில் இலங்கைப் படம் போல ஒன்று. பூகோளம் ஒழுங்காகப் படித்தவர்கள் இன்னும் இரண்டொரு தீவு சேர்த்துச் சொல்லக்கூடும். வலி கிடையாது, அரிப்பு கிடையாது. ஆனால் அதற்கு ஊரில் வைத்திருக்கிற பெயரில் குஷ்டம் என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயர் ஒரு வீட்டின்மேல் விழுந்தால் அந்த வீட்டுப் பெண்ணைப் பார்க்க யாரும் படியேற மாட்டார்கள். ஊரில் அவனுக்கு ஒரு தங்கச்சி இருந்தாள், ஆறுமுகத்தாய். அவளை ஆவணியில் கட்டிக்கொடுப்பதாகப் பேச்சு. மாப்பிள்ளை வேறு யாருமில்லை, இதே ஷாப்பின் மேஸ்திரி வெயிலுமுத்துவின் அக்கா மகன். வெயிலுமுத்து கண்ணில் ஒரு தடவை பட்டால் போதும், விஷயம் மூன்றாம் நாள் நாங்குநேரி ஸ்டேஷனில் இறங்கிவிடும். ஆகையால் கணேசபாண்டியன் ஊர் எழும்புமுன் தெருக்குழாயில் சட்டையோடே குளித்தான். பம்பாயில் சட்டைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டு குளித்தவன் அவன் ஒருவனாகத்தான் இருக்கும்.

மாட்டுங்காவில் ஒரு நாட்டுமருந்துக் கடைக்காரர் கார்போகரிசி எண்ணெய் கொடுத்தார். தடவிக்கொண்டு அரைமணி நேரம் வெறும் மேனியில் வெயில் படவேண்டும், அப்போதுதான் நிறம் திரும்பும் என்றார். எண்ணெய் கிடைத்தது. வெயில் பம்பாயில் நிறையவே இருந்தது. அதில் யார் கண்ணிலும் படாமல் முதுகைக் காட்டி உட்கார ஆறடி இடம்தான் தாராவி முழுக்கத் தேடியும் அகப்படவில்லை. எண்ணெய்ப் புட்டி ஒரு வருஷம் டிரங்குப் பெட்டியில் கிடந்தது.

அறுபத்தைந்தாம் வருஷம் ஏப்ரலில், தோல் ஊறவைக்கிற புது உருளை மிஷினைப் பூட்ட ஜெர்மனியிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் விங்க்ளர். வாயில் நுழையாத பெயரைத் தாராவி அதிக நேரம் சுமக்காது. மறுநாளே வெங்கலத் துரை ஆகிவிட்டார். ஆளும் அதற்குத் தகுந்தாற்போல் விளக்கிய குத்துவிளக்கு நிறத்தில் இருந்தார். அவர் இங்கிலீஷும் அரைகுறை. அவருக்கும் கணேசபாண்டியனுக்கும் சேர்த்தால் ஒரு முழு இங்கிலீஷ் தேறும்.

வந்த முதல் வாரம் துரை தொட்டியோரம் நின்று கோவணக்காரர்களைப் பார்த்துச் சிரித்தார். "இவர்களைப் பார்த்தால் என் சங்கத்து ஆட்கள் ஞாபகம் வருகிறது," என்றார். பிறகு பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்துக் காட்டினார்.

ஒரு ஏரி. கரையில் புல். புல்லின்மேல் ஆணும் பெண்ணும் கிழவரும் குழந்தையுமாக முப்பது நாற்பது பேர். ஒருவர் மேலும் பொட்டுத் துணி இல்லை. ஒருவர் பத்திரிகை படிக்கிறார், இரண்டு பேர் பந்து எறிகிறார்கள், ஒரு பெரியம்மா ஸ்வெட்டர் பின்னுகிறாள். எல்லோரும் வெயிலுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள்.

கணேசபாண்டியன் வெட்கப்பட்டுத் தலையைத் திருப்பியிருக்க வேண்டும். அவன் திருப்பவில்லை. படத்தை மூக்குக்கு அருகே கொண்டுபோய் ஒவ்வொரு முதுகாகப் பார்த்தான். உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளை. ஒருவர் பாக்கியில்லை. துணியில்லாமல் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவனுக்குத் தெரிந்த ஒரே காரணம்தான் மனதில் வந்தது. பாவம், இவர்களுக்கு முழுசாகப் பரவிவிட்டது.

"சார், இது எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டான். குரல் தணிந்திருந்தது. "இவங்களுக்கு என்ன எண்ணெய் கொடுக்கிறாங்க?"

துரைக்குப் புரியவில்லை. "எண்ணெயா? சிலர் தடவுவார்கள். நிறம் வருவதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்."

"வந்திருக்கா?"

துரை தன் கையை நீட்டிக் காட்டினார். வெங்கலம். கணேசபாண்டியன் அந்தக் கையைத் தொட்டே பார்த்துவிட்டான். ஏழு வருஷம் காத்த வாய் அந்த நிமிஷத்தில் தானாகத் திறந்துகொண்டது. "சார், எனக்கும் இருக்கு," என்றான்.

குழப்பம் தெளிய அரைமணி ஆயிற்று. தெளிந்ததும் துரை சிரிக்கத்தான் செய்தார். இவன் முகம் போன போக்கைப் பார்த்து உடனே நிறுத்திக்கொண்டார். அது ஆஸ்பத்திரி இல்லை, அவர்கள் நோயாளிகளும் இல்லை என்று விளக்கினார். தபால்காரர், பள்ளிக்கூட வாத்தியார், பேங்குக்காரர், எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருவார்கள். வேலிக்கு உள்ளே வந்ததும் துணியைக் கழற்றி மாட்டிவிட்டு அன்றைக்கு முழுதும் அப்படியே இருப்பார்கள். உடம்பு வெட்கப்பட வேண்டிய சாமான் இல்லை, அதைத் துணிக்குள் ஒளித்து ஒளித்துத்தான் மனுஷனுக்குக் கெட்ட எண்ணம் வளர்கிறது. காற்றும் வெயிலும் பட்டால் உடம்பும் தெளியும், மனசும் தெளியும், அதுதான் சங்கத்தின் கொள்கை. சட்டம் உண்டு. உட்காருகிற இடத்தில் சொந்தத் துண்டு விரிக்கவேண்டும். யாரையும் முறைக்கக் கூடாது. குடித்துவிட்டு வரக்கூடாது. குளிர்காலத்தில் ஒரு ஹாலில் கூடி உடற்பயிற்சி. துணியில்லாவிட்டால் யார் மானேஜர், யார் கூலி என்று தெரியாது, அதுதான் தனக்கு ரொம்பப் பிடித்தது என்றார்.

"அந்தப் பெரியம்மா ஸ்வெட்டர் பின்னுறாங்களே. யாருக்கு?"

"அவளுக்குத்தான். சாயங்காலம் குளிரும். நாங்கள் பைத்தியக்காரர்கள் இல்லை."

இன்னொரு பக்கத்தில் ஒரு ஆள். மார்பும் ஒரு புஜமும் யுத்தத்தில் வெந்து சுருங்கிப் போயிருந்தன. கணேசபாண்டியன் விரல் அங்கேயே நின்றது. "இவர் மூட மாட்டாரா?"

"முதல் நாள் எல்லோரும் பார்த்தார்கள். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு உரிக்கக் கூப்பிட்டார்கள்."

கணேசபாண்டியன் அந்தப் பத்திரிகையை இரவல் கேட்டான். துரை கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. செம்பூரில் ஒரு சிந்திக்காரர் வீட்டு மாடியில் அவர் குடியிருந்தார். அறைக்கு வெளியே ஆளுயரக் கைப்பிடிச் சுவர் வைத்த மொட்டைமாடி. ஞாயிற்றுக்கிழமை வா, என்றார்.

முதல் ஞாயிறு பொத்தான்களைக் கழற்ற மட்டும் கால்மணி பிடித்தது. துரை நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, இவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்தார். தான் ஒரு நூலிழைகூடக் கழற்றவில்லை. இவன் கூச்சப்படுவான் என்று காலில் பூட்ஸ்கூட இருந்தது. கணேசபாண்டியன் எண்ணெயைத் தடவிக்கொண்டு வேட்டியோடு குந்தி உட்கார்ந்தான். வெயில் முதுகில் விழுந்தது. சின்ன வயதில் ஆற்றங்கரையில் பட்ட வெயில்தான், ஆனாலும் யாரோ கை வைத்த மாதிரி இருந்தது, உடம்பு ஒரு தடவை சிலிர்த்தது. துரை திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "சரியாக இருக்கிறதா?"

"சரி சார்."

அவ்வளவுதான் பேச்சு. ஆறு ஞாயிறு. ஆறாவது ஞாயிறு, தோளில் இருந்த வெள்ளையில் எள்ளுத் தூவின மாதிரி நாலைந்து புள்ளி. அதைப் பார்த்த துரை, மிஷினில் முதல் தோல் சரியாக வந்தபோது கைதட்டினாரே, அதே மாதிரி கைதட்டினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, சாம்பிள் தோலைச் சுற்றக் காகிதம் தேடிய முகைதீன், கணேசபாண்டியன் மேஜை இழுப்பறையில் அந்தப் பத்திரிகையைக் கண்டுபிடித்தான்.

கால்மணிக்குள் சுண்ணாம்புக் கையோடு இருபது பேர் கூடிவிட்டார்கள். கோவணம் கட்டிய இருபது பேர், துணியில்லாத நாற்பது பேரைப் பார்த்து, "சீ, மானங்கெட்ட பயலுவ" என்றார்கள். ஆனால் யாரும் கண்ணை எடுக்கவில்லை. சத்தம் கேட்டு முதலாளி ரஹ்மத்துல்லா வந்தார். ஐந்து வேளை தொழுகிற மனுஷர். அட்டையை மட்டும் பார்த்தார். கவிழ்த்து வைத்தார்.

"இது யாருக்குள்ளது?"

மிஷின் பக்கம் நின்ற துரை பத்திரிகையைப் பார்த்ததும் தானாகவே வந்து, தன்னுடையதுதான் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"கேளு பாண்டியா," என்றார் ரஹ்மத்துல்லா. "ஏழு வாரமா எங்கூட ஒரே சஹன் தட்டுல கைவச்சுச் சாப்பிட்ட மனுசர். எடுத்த எடுப்புல தப்பா நெனைக்கப்படாது. இது என்ன படம்னு கேட்டுச் சொல்லு."

துரைக்கு ஒரு பயமும் இல்லை. "நீயே சொல்லு," என்றார். "ஏரி, தபால்காரர், துண்டு, சட்டம், எல்லாம் சொல்லு. இப்போது என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும்." அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்திரிகை இவன் மேஜைக்கு ஏன் வந்தது என்பதையோ செம்பூர் மாடியையோ அவர் பேச்சில் எடுக்கவே இல்லை. இவன் ரகசியத்தை அவர் காப்பாற்றினார்.

கணேசபாண்டியன் வாயைத் திறந்தான். வாசலில் வெயிலுமுத்து மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். உள்ளதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று அவனுக்குத் தெரியும்: அது சரி, உமக்கு எதுக்குக் கொடுத்தாரு? அதற்கடுத்தது சட்டைதான். சட்டைக்கு அடுத்தது ஆறுமுகத்தாய்.

"முதலாளி, இது..." என்றான். "வயசுப் பையலுக ஒளிச்சு வச்சுப் பாக்குற படமாம். தெரியாம எம் மேசையில வச்சிட்டேன்னு சொல்லுதாரு."

துரை பக்கத்திலேயே நின்று, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். தன் தபால்காரரையும் பெரியம்மாவையும்தான் இவன் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்து முதலாளியைப் பார்த்துப் புன்னகையும் செய்தார். அந்தப் புன்னகையைப் பார்த்துத்தான் ரஹ்மத்துல்லாவின் முகம் இறுகியது.

"மெசினு ஓடுதுல்லா. மீதிய நம்ம ஆளுக பாத்துக்கிடுவாங்க. கெளம்பச் சொல்லு. மரியாதையாவே சொல்லு."

அதை மட்டும் கணேசபாண்டியன் ஒரு எழுத்துப் பிசகாமல் மொழிபெயர்த்தான். துரை இவன் தோளில், அந்த எள்ளுப் புள்ளி இருந்த இடத்திலேயே, தட்டிக்கொடுத்தார். "நீ சொன்னாய். அவருக்குப் பிடிக்கவில்லை. உன் தப்பு இல்லை," என்றார்.

மறுநாள் மத்தியானம் வெயிலுமுத்து அவனை டீ குடிக்கத் தெருமுனை நாக்காவுக்கு அழைத்துப்போனார். அரைக் கிளாஸில் இரண்டு கட்டிங் டீ வந்தது. ஊதிக்கொண்டே சொன்னார்: "தம்பி, அந்தத் தொரைய விட்டுக்குடுத்துட்டீரே."

"நான் என்ன அண்ணாச்சி பண்ணுவேன். அவரு சொன்னதத்தான்..."

"எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனா நீரு ஞாயித்துக்கிழமை செம்பூருக்கு எதுக்குப் போனீருன்னு தெரியும். முதுகுல உள்ளதுக்கு வெயில் காட்டத்தான?"

கணேசபாண்டியன் டீயைக் கீழே வைத்தான். "முதுகுல என்ன?"

"வே, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஏழு மழைக்காலம் எங்க நடுவுல நனைஞ்சிருக்கீரு. நனைஞ்ச வெள்ளைச் சட்டையில என்னத்தவே மறையும்? ஷாப்புல உள்ள ஆட்டுக்குட்டிக்கும் தெரியும்."

"அப்ப ஊருல..."

"நிச்சயத்துக்கு முந்தியே எங்க அக்காவுக்கு எழுதிட்டேன். பொண்ணோட அண்ணன் முதுகையா எம் மவன் கட்டிக்கிடப் போறான்னு பதில் போட்டுட்டா. அதெல்லாம் முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சு."

"ஒருத்தர்கூட எங்கிட்டச் சொல்லலையே."

"அம்புட்டுப் பாடுபட்டு மறைக்கீரு. எங்களுக்குத் தெரியும்னு சொன்னா உமக்கு மூஞ்சி என்னத்துக்கு ஆகும்?"

"முகைதீன் தினம் கேலி பண்ணுவானே."

"கேலி பண்றத நிப்பாட்டுனா உமக்குச் சந்தேகம் வந்துரும்லா," என்றார் வெயிலுமுத்து.

அன்று சாயங்காலமே சயானில் பஸ் ஏறிச் செம்பூர் போனான். துரை பெட்டி கட்டிக்கொண்டிருந்தார், இரவு விமானம். இவனைக் கண்டதும் முகம் மலர்ந்து நாற்காலியில் கிடந்த துணிகளைத் தள்ளி இடம் செய்தார். கணேசபாண்டியன் உட்காரவில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான். கழுத்து, மார்பு, மணிக்கட்டு. சட்டை கீழே விழுந்தது. கதவு திறந்தே இருந்தது, சிந்திக்கார அம்மாள் படியில் ஏறி வந்தவள் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள், அதையும் அவன் பொருட்படுத்தவில்லை.

"வெயில் போய்விட்டதே," என்றார் துரை, சிரித்துக்கொண்டே.

அப்போதுதான் சொன்னான். முதலாளி கேட்டது, துரை சொன்னது, தான் சொன்னது. முப்பத்தாறு மார்க்கு இங்கிலீஷ் அதற்குப் போதுமாக இருந்தது.

துரை கையில் மடித்து வைத்திருந்த தன் சட்டையைப் பெட்டியில் வைத்தார். பிறகு குனிந்து, தரையில் கிடந்த இவன் சட்டையை எடுத்து இவன் கையில் கொடுத்தார்.

"போட்டுக்கொள். நேற்று நீ திறந்திருக்க வேண்டியது வாயை," என்றார். பெட்டி பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பொத்தானைத் துளை மாற்றிப் போட்டிருந்தான். ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது. தாராவி வரை சரிசெய்யவில்லை.

மறுநாள் காலை ரஹ்மத்துல்லாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். முகைதீனும் வெயிலுமுத்துவும் இன்னும் நாலு பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். துண்டு விரிப்பதையும் முறைக்கக் கூடாது என்பதையும் சொன்னபோது இரண்டு பேர் சிரித்தார்கள். தான் ஆஸ்பத்திரியா என்று கேட்டதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. முதலாளி தாடியைத் தடவியபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எங்க இருக்காரு?"

"ராத்திரியே போயிட்டாரு முதலாளி."

"சரி. போய் வேலையப் பாரு."

திட்டவில்லை. சம்பளத்தைப் பிடிக்கவில்லை. அவர் திட்டியிருந்தால் கணேசபாண்டியன் அன்றைக்கே பாதி தேறியிருப்பான்.

ஆவணியில் ஆறுமுகத்தாய் கல்யாணம் நடந்தது. சட்டை போடாமல் மேல்துண்டோடு பந்தலில் நின்றான். ஊர் ஒரு நாள் அவன் முதுகைப் பார்த்தது. மறுநாள் பந்தக்கால் பிடுங்கக் கூப்பிட்டது. இதற்கா ஏழு வருஷம் என்று தோன்றியது. பம்பாய்க்குத் திரும்பி அரைக்கைச் சட்டை இரண்டு தைத்துக்கொண்டான். முகைதீன் பார்த்துவிட்டு, "கவர்னருக்குப் பஞ்சமா, கைத்துணியைக் கொறச்சிட்டாரே," என்றான். எல்லாம் பழையபடி, ஒன்றைத் தவிர.

தீபாவளி கழிந்து, தோல் வாங்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். ரஹ்மத்துல்லா கணேசபாண்டியனைக் கூப்பிடவில்லை. மாட்டுங்காவிலிருந்து பஞ்சாபகேசன் என்று இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்து ரிடையரானவரை டாக்ஸி வைத்து வரவழைத்தார். கணேசபாண்டியன் நாலடி தள்ளி தன் மேஜையில்தான் இருந்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருப்பதற்குக் கொஞ்சம் சிரமப்பட்டார்கள்.

வெள்ளைக்காரர் ஏதோ சொன்னார். பஞ்சாபகேசன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "என்ன சொல்றார்னா, நீங்க எதையோ மறைச்சு வச்சிருக்கேளாம். அதைக் காட்டணும்கறார்."

ரஹ்மத்துல்லாவின் கை தாடியில் நின்றது. "நான் என்னத்த மறைச்சேன்?"

கணேசபாண்டியனுக்குத் தெரியும். வெள்ளைக்காரர் சொன்னது ஹைட்ஸ். ஹைடு என்றால் மறைப்பதும் உண்டு, பச்சைத்தோலும் உண்டு. தோல் வியாபாரம் தெரியாத மாட்டுங்காக்காரருக்கு முதல் அர்த்தம்தான் தெரியும். அவன் எழுந்து நின்றான்.

"தோலுங்க முதலாளி. உங்ககிட்ட உள்ள தோலக் காட்டச் சொல்லுதாரு."

ரஹ்மத்துல்லா அவனைப் பார்த்தார். கோபம் இல்லாத, அளந்து பார்க்கிற பார்வை. பிறகு பஞ்சாபகேசன் பக்கம் திரும்பி, "இவரு சொல்றது சரிதானான்னு தொரைகிட்ட ஒரு தடவ கேட்டுச் சொல்லுங்க சாமி," என்றார்.

பஞ்சாபகேசன் கேட்டார். வெள்ளைக்காரர் தலையாட்டினார். "வாஸ்தவம்தானாம்," என்றார் பஞ்சாபகேசன்.

அதற்குப் பிறகுதான் முதலாளி எழுந்து, தோல் அடுக்கியிருந்த பக்கம் நடந்தார். வெள்ளைக்காரரும் பஞ்சாபகேசனும் பின்னால் போனார்கள். கணேசபாண்டியன் உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.